கூடுதல் இருநூறு வெள்ளி எங்கிருந்து வரும்? சுங்கை சிப்புட் முதலாளிகளுக்கு ஓர் ஒப்பீடு

மலேசியாவில் மாதக் குறைந்தபட்சச் சம்பளத்தை 1,500இலிருந்து 1,700 வெள்ளியாக உயர்த்தியது சரியா, தவறா என்ற விவாதம் தே தாரே மேசைகளில் தொடரட்டும். ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருப்பவர்களுக்கு 2025 பிப்ரவரி 1 முதலும், ஐந்துக்கும் குறைவாக வைத்திருப்பவர்களுக்கு அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதலும் அது சட்டம். உள்ளூர்க்காரர், அந்நியத் தொழிலாளர் என்ற பேதம் கிடையாது. வீட்டு வேலையாட்களுக்கு விலக்கு உண்டு. உணவகத்தில் பாத்திரம் கழுவுபவர் வீட்டு வேலையாள் ஆகமாட்டார். மீறினால் ஓர் ஆளுக்குப் பத்தாயிரம் வெள்ளி வரை அபராதம்.

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் சிறு முதலாளிகளுக்குச் சம்பளக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். உணவகம், மளிகைக் கடை, செம்பனை அறுவடைக் குத்தகை என்று எவர் வந்தாலும் கேள்வி ஒன்றுதான்: இந்த இருநூறு வெள்ளியை எங்கிருந்து எடுப்பது? படிகளை அடிப்படைச் சம்பளத்தில் கரைப்பது, ஆளைக் குறைப்பது, நேரத்தைக் குறைப்பது, விலையை ஏற்றுவது, அதே ஆளிடம் கூடுதல் விளைச்சல் பெறுவது ஆகிய ஐந்து வழிகளைச் சுற்றித்தான் பேச்சு ஓடுகிறது. ஆறாவது ஒன்று உண்டு. அதைப் பற்றி எவரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முதலாவது.

முதலில் உண்மையான தொகையைத் தெரிந்துகொள்வோம். 1,500 வாங்கியவர் 1,700 வாங்கும்போது முதலாளியின் செலவு இருநூறோடு நிற்காது. உள்ளூர்க்காரருக்குச் சேமநிதியில் முதலாளியின் பங்கு 13 விழுக்காடு. அதில் 26 வெள்ளி கூடும். சமூகப் பாதுகாப்புத் திட்டமான சொக்சோவும் வேலைக் காப்புறுதியும் சேர்ந்து ஏறக்குறைய 4 வெள்ளி. ஆக 230. அடுத்தது ஓவர்டைம். 1,700ஐ 26 நாளால் வகுத்தால் 65.38, எட்டு மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 8.17. ஒன்றரை மடங்கு ஓவர்டைம் 12.26 ஆகிறது. பழைய சம்பளத்தில் அது 10.82. மாதம் அறுபது மணி நேரம் ஓவர்டைம் செய்யும் ஆளுக்கு இந்த வித்தியாசம் மட்டுமே 86 வெள்ளி. உணவகம் போன்ற நீண்ட நேரத் தொழிலில் ஓர் ஆளுக்கு உண்மையான உயர்வு 316 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். இருநூறு என்று நினைத்துத் திட்டம் போட்டவர்கள் மூன்றாம் மாதத்தில் திணறுவது இதனால்தான்.

படியைக் கரைப்பது

மிகவும் மலிவான வழி இது என்பதால் எல்லோருடைய கண்ணும் முதலில் இங்கேதான் போகிறது. 1,500 அடிப்படை, 200 வருகைப் படி என்று கொடுத்துக்கொண்டிருந்தவர், இரண்டையும் சேர்த்து 1,700 அடிப்படை என்று எழுதிவிடலாம் என்கிறார். குறைந்தபட்சச் சம்பளம் என்பது அடிப்படைச் சம்பளம். படிகள் தனியாக நிற்கும்வரை கணக்கில் வராது. ஆகவே சேர்த்துத்தான் ஆகவேண்டும் என்பது அவருடைய வாதம்.

தொழிலாளியின் சம்மதம் இல்லாமல் இதைச் செய்ய முடியாது. வேலை ஒப்பந்தத்தில் உள்ள ஒரு தொகையை முதலாளி தன் விருப்பத்துக்கு இடம் மாற்றுவது ஒப்பந்த மீறல். கையெழுத்து வாங்கியே செய்தாலும் இரண்டு விளைவுகளை எடைபோட வேண்டும். பயணப் படிக்குச் சேமநிதி கட்டவேண்டியதில்லை. அடிப்படையில் கரைத்துவிட்டால் கட்டவேண்டும். வருகைப் படியோ, திங்கட்கிழமை காலையில் ஆட்களைக் கடைக்கு வரவைப்பதற்காக நீங்களே வைத்த தூண்டில். கரைத்த பிறகு வந்தவருக்கும் வராதவருக்கும் அந்தச் சலுகையில் வித்தியாசம் இல்லை. மறுபடியும் ஒரு வருகைப் படி வைக்கவேண்டிவரும்.

சேவைக் கட்டணத்தை இதில் இழுத்துவிடலாம் என்று எவராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஹோட்டல் வழக்கொன்றில் கூட்டரசு நீதிமன்றம் 2021இல் அந்தக் கதவை அடைத்துவிட்டது. வாடிக்கையாளர் தொழிலாளிக்காகக் கொடுக்கும் பணத்தைக் கொண்டு முதலாளி தன் கடமையைத் தீர்த்துக்கொள்ள முடியாது.

சிறு ஊரில் இந்த வழிக்கு இன்னொரு விலையும் உண்டு. அரசாங்கம் இருநூறு கூட்டியது எல்லோருக்கும் தெரியும். கையில் ஒரு காசும் கூடவில்லை என்பது உங்கள் ஆளின் வீட்டில் தெரியும். இரண்டு நாளில் சந்தைக்கே தெரியும்.

ஆளைக் குறைப்பது

கணக்கு மட்டும் பார்த்தால் இது லாபம் என்று ஒத்துக்கொள்கிறேன். ஆறு ஆண்டு வேலை செய்த ஒருவரை ஆள்குறைப்பில் அனுப்பினால் ஆண்டுக்கு இருபது நாள் வீதம் 120 நாள் சம்பளம் இழப்பீடு, எட்டு வாரம் முன்னறிவிப்பு. நோட்டீஸ் காலத்தையும் பணமாகவே கொடுத்தால் மொத்தம் பத்தாயிரத்தைத் தொடும். மாதம் 1,950 மிச்சமாகும் என்பதால் ஐந்தாறு மாதத்தில் போட்டது திரும்பிவிடும்.

ஆனால் வேலை உண்மையிலேயே குறைந்திருக்க வேண்டும். ஒருவரை அனுப்பிவிட்டு, இரண்டு மாதம் கழித்து அதே இடத்துக்கு வேறொருவரை எடுத்தால் அது ஆள்குறைப்பு அல்ல. அறுபது நாளுக்குள் புகார் கொடுக்க, அனுப்பப்பட்டவருக்கு உரிமை உண்டு. ஒரே வகை வேலையில் அந்நியத் தொழிலாளர் இருந்தால், உள்ளூர்க்காரருக்கு முன்பாக அவரைத்தான் அனுப்பவேண்டும் என்பதும் சட்டம். இங்குள்ள கடைகளில் கூடுதலாக ஆள் இருந்து நான் பார்த்ததில்லை. இருப்பவர்களே இரண்டு வேலை பார்க்கிறார்கள். அதனால் இந்த வழியை நீட்டிப் பேசுவதில் பயனில்லை.

ஐந்து பேரை நான்காக்கிவிட்டுச் சட்டத்திலிருந்து தப்பலாம் என்று 2025 தொடக்கத்தில் சிலர் கணக்குப் போட்டார்கள். அது ஆறு மாத அவகாசம் மட்டுமே. போன ஆணையிலும் அப்படித்தான்: 1,500 வெள்ளி 2022 மே மாதம் வந்தது, சிறிய முதலாளிகளுக்கு 2023 ஜூலை வரை தள்ளிப்போனது. தள்ளிப்போனதே தவிர, விட்டுப்போகவில்லை.

நேரமும் விலையும்: ஓர் உணவகத்தின் கணக்கு

இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே தோல்வியாகத் தெரியும். சேர்த்துப் பார்க்கவேண்டும்.

பத்துப் பேர் வேலை செய்யும் ஒரு வாழையிலை உணவகத்தை எடுத்துக்கொள்வோம். ஏழு பேர் 1,500 வாங்கியவர்கள். மூன்று பேர் மூத்தவர்கள், 1,850 வாங்குகிறவர்கள். ஏழு பேருக்கும் மாதம் அறுபது மணி நேரம் ஓவர்டைம் இருக்கிறது. புதிய சம்பளத்தில் அந்த ஏழு பேரால் கூடும் செலவு மாதம் 2,212 வெள்ளி.

ஓவர்டைமை முழுதாக வெட்டிவிட்டுப் பகுதிநேர ஆட்களை எடுத்தால் என்ன? மணிக்கு 12.26 கொடுத்த இடத்தில் 8.17 கொடுத்தால் போதும். முதலாளிக்கு இனிக்கும் கணக்குதான். ஆனால் ஓவர்டைமை நம்பித்தான் இங்கே மோட்டார் சைக்கிள் தவணை ஓடுகிறது. போன மாதம் வரை 2,149 கொண்டுபோனவர் 1,700 கொண்டுபோக வேண்டும் என்றால், சம்பள உயர்வு வந்த மாதத்திலேயே அவர் வேலை தேடுவார்.

பாதி வெட்டுங்கள். முப்பது மணி நேரம் மட்டும் ஓவர்டைம் என்றால் அவர் கையில் 1,700உம் 368உம் சேர்ந்து 2,068. பழைய தொகைக்கு 81 வெள்ளிதான் குறைவு. முப்பது மணி நேரம் வீட்டில் இருக்கிறார். இதை நேராக உட்காரவைத்துச் சொன்னால் பெரும்பாலோர் ஒத்துக்கொள்கிறார்கள், குறிப்பாகச் சின்னப் பிள்ளைகள் உள்ளவர்கள். ஒத்துக்கொள்ளாத ஒருவர் இருந்தால் அவருடைய ஓவர்டைமை அப்படியே விட்டுவிடுங்கள். எல்லோருக்கும் ஒரே வெட்டு என்பது நிர்வாகம் அல்ல, சோம்பேறித்தனம்.

விட்டுப்போன 210 மணி நேரத்துக்கு இரண்டு பகுதிநேர ஆட்கள் போதும். முழுநேர வேலையின் 30 விழுக்காட்டுக்கு மேல், 70 விழுக்காட்டுக்கு மிகாமல் வேலை செய்பவரே சட்டப்படி பகுதிநேர ஊழியர். நாளுக்கு நான்கு மணி நேரம், வாரம் ஆறு நாள் என்றால் 45 மணி நேர வாரத்தில் பாதிக்குச் சற்று மேல் வருகிறது. மாதம் 850 வெள்ளி. சேமநிதி, சொக்சோ எல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் மாதம் 620 வெள்ளி மிச்சம்.

ஆள் கிடைக்குமா? கிடைப்பார்கள், நேரத்தை அவர்களுக்கு ஏற்றபடி வைத்தால். இங்கே பகுதிநேரத்துக்கு வருபவர்கள் பெரும்பாலும் தாய்மார்கள். நண்பகல் பதினொன்றிலிருந்து மூன்று வரை என்று விளம்பரம் ஒட்டினால் எவரும் வரமாட்டார்கள். தமிழ்ப்பள்ளி விடும் நேரமும் உங்கள் கடையில் கூட்டம் நெரியும் நேரமும் ஒன்றுதான். காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை காய்கறி நறுக்க, தேங்காய் துருவ, இலை துடைக்க என்று வைத்தால், நண்பகல் கூட்டத்துக்கு முழுநேர ஆட்களை விடுவித்துக்கொள்ளலாம்.

காலை ஏழிலிருந்து பதினொன்று வரை, மறுபடி மாலை ஐந்திலிருந்து இரவு ஒன்பது வரை என்று முழுநேர ஆளின் வேலையை இரண்டாக உடைப்பதும் இங்கே வழக்கத்தில் இருக்கிறது. எட்டு மணி நேரம்தானே என்கிறார்கள். ஒரு நாள் வேலையின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே பத்து மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது என்பது 1955 வேலைவாய்ப்புச் சட்டத்தில் இருக்கிறது. ஏழுக்கு வந்தவரை ஐந்துக்கு அனுப்பிவிட வேண்டும். இரவுக்கு வேறு குழு.

இனி விலை. 2,212இல் 620 போக 1,592. மூத்தவர்களுக்கான ஏற்பாட்டுக்கு 500 சேர்த்துக்கொள்கிறேன். அந்த ஐந்நூறின் காரணத்தைப் பிறகு சொல்கிறேன். மொத்தம் 2,092. இருபத்தாறு நாள், நாளுக்கு 150 சாப்பாடு என்றால் ஒரு சாப்பாட்டுக்கு 54 சென். காலை ரொட்டி சானாயும் மாலைத் தேநீரும் இந்தக் கணக்கில் இல்லை. அவற்றையும் சேர்த்தால் இன்னும் குறையும். சாப்பாட்டுக்கு அறுபது சென் ஏற்றினால் செலவு அடைபட்டுவிடும்.

தோட்டப்புற ஊரில் விலையேற்றம் வாடிக்கையாளரை விரட்டிவிடும் என்ற பயத்தில் பாதி நியாயம்தான் இருக்கிறது. இங்கே சாப்பிட வருகிறவர் யார்? தோட்டத்தில் குலை வெட்டுகிறவர், தொழிற்சாலையில் ஷிஃப்ட் பார்க்கிறவர், பக்கத்துக் கடையில் கல்லாவில் நிற்கிறவர். உங்கள் ஆளுக்குக் கூடிய இருநூறு அவருக்கும்தான் கூடியது. ஈப்போ பட்டணத்து உணவகத்துக்கு இந்த வசதி இவ்வளவு நேராகக் கிடையாது. மற்ற பாதி நியாயம் ஓய்வெடுத்த பழைய தோட்டத் தொழிலாளர்களைப் பற்றியது. அவர்களுக்கு எந்த ஆணையும் சம்பளம் கூட்டவில்லை. மீன் இல்லாத சாதாரணச் சாப்பாட்டின் விலையை அப்படியே விட்டுவிட்டு, மீனுக்கும் ஆட்டிறைச்சிக்கும் கூடுதலாக ஏற்றுகிற கடைக்காரரை நான் கெட்டிக்காரர் என்பேன்.

குத்தகைக்காரரின் நிலை வேறு

செம்பனை அறுவடைக் குத்தகை எடுப்பவருக்கு விலையேற்றம் என்ற வழியே இல்லை. டன்னுக்கு இவ்வளவு என்று தோட்டத்தோடு பேசிக் கையெழுத்துப் போட்டாயிற்று. ஒப்பந்தம் புதுப்பிக்கும்வரை அந்தத் தொகைக்குள்தான் விளையாட வேண்டும்.

டன் கணக்கில் சம்பளம் கொடுத்தாலும் மாதக் கடைசியில் தொழிலாளிக்கு 1,700க்குக் குறையக்கூடாது. ஓர் உதாரணத்துக்கு டன்னுக்கு 45 வெள்ளி என்று வைப்போம். ஆண்டுத் தொடக்கத்தில் காய்ப்பு குறைந்த மாதங்களில் நாளுக்கு ஒன்றரை டன் வெட்டினால், 24 நாளில் 36 டன், 1,620 வெள்ளி. எண்பது வெள்ளி துண்டு விழுகிறது. காய்ப்பு மிகுந்த மாதத்தில் நாளுக்கு இரண்டு டன் என்றால் 2,160, பிரச்சினையே இல்லை.

இரண்டு வழிகள். குறைந்த மாதங்களில் மட்டும் எண்பது வெள்ளி போட்டு நிரப்புவது ஒன்று. குறைந்த மாதத்திலும் 1,700 எட்டும்படி டன் விலையையே 47.25 ஆக்குவது மற்றொன்று. இரண்டாவதில், காய்ப்பு மிகுந்த மாதத்தில் தேவையே இல்லாத இடத்தில் ஓர் ஆளுக்கு 108 வெள்ளி கூடுதலாகப் போகும். நிரப்புவதுதான் மலிவு என்று உடனே தோன்றும்.

ஆனால் நிரப்புகிற மாதத்தில் தோப்புக்குள் நடப்பதைப் பாருங்கள். 30 டன் வெட்டியவருக்கும் 1,700, 37 டன் வெட்டியவருக்கும் ஏறக்குறைய 1,700. வேகமாக வெட்டுகிறவர் இரண்டாம் மாதம் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு நிழலில் உட்காருவார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பழுத்த குலை மரத்திலேயே நின்று உதிர்ந்தால் ஆலையில் உங்கள் பெயர்தான் கெடும். அதனால் நடுவழி ஒன்றைப் பரிந்துரைக்கிறேன்: டன் விலையை அப்படியே வைத்து நிரப்புங்கள், குறைந்த மாதங்களில் 34 டன்னைத் தாண்டிய ஒவ்வொரு டன்னுக்கும் 1,700க்கு மேல் தனி ஊக்கத்தொகை கொடுங்கள். 37 டன் வெட்டியவருக்கு மூன்று டன்னுக்குத் தனிக் காசு கிடைக்கும். சுறுசுறுப்பானவர்கள் சிலரே என்பதால் டன் விலையை ஏற்றுவதைவிட இது குறைந்த செலவு.

நாள் கணக்குச் சம்பளம் என்றால் இன்னொன்றையும் நினைவில் வைக்கவேண்டும். தோட்ட வேலையில் மாதம் 24 நாளுக்கு வேலை கொடுக்க முதலாளி கடமைப்பட்டவர். தொழிலாளி வேலைக்குத் தயாராக, காலை ஆள்கணக்கெடுப்பான பெரட்டுக்கு வந்து நின்றும் மழை என்று நீங்கள் திருப்பி அனுப்பினால், அது உங்கள் கணக்கு.

கூடுதல் விளைச்சல் என்ற வழி இங்கேதான் பொருந்துகிறது. உயரம் குறைந்த மரங்கள் உள்ள தோப்பில், மலேசியச் செம்பனை வாரியம் உருவாக்கிய சந்தாஸ் (Cantas) என்ற மோட்டார் வெட்டுக்கருவி உளியையும் அரிவாளையும்விட வேகமாக வேலை செய்யும். ஓங்கி வளர்ந்த பழைய மரங்களில் அதற்கு வேலை இல்லை. தோப்பைப் பார்க்காமல் கருவியை வாங்காதீர்கள். அதைவிடச் செலவில்லாத மாற்றம் வேலையைப் பிரிப்பது: வெட்டுகிறவரே உதிரிப் பழமும் பொறுக்கி, மட்டையும் அடுக்கிக்கொண்டிருந்தால் அவர் கையில் அரிவாள் இருக்கும் நேரம் பாதிதான். பொறுக்குவதற்குத் தனி ஆள் வையுங்கள்.

அந்தத் தனி ஆள் யார் என்பதில்தான் வில்லங்கம். வெட்டுகிறவரின் மனைவி கூடவே வந்து உதிரி பொறுக்குவது தோட்டங்களில் பழைய வழக்கம். சம்பளப் புத்தகத்தில் கணவர் பெயர் மட்டும் இருக்கும். அந்த 1,700 இரண்டு பேர் உழைப்புக்கான கூலி என்று நிரூபணமானால் எந்த ஒப்பீடும் உங்களைக் காப்பாற்றாது. அந்த அக்காவின் பெயரைப் புத்தகத்தில் ஏற்றி, அவருக்கும் சேமநிதியும் சொக்சோவும் கட்டுங்கள். தோப்பில் விழுந்து கை ஒடிந்தால் சொக்சோ இருப்பவருக்குத்தான் கிடைக்கும்.

எவரும் கேட்காத ஆறாவது வழி

உணவகக் கணக்கில் மூத்தவர்களுக்கு ஐந்நூறு வெள்ளி ஒதுக்கினேன். மூத்தவர்களின் சம்பளத்தையும் சற்று உயர்த்துவதுதான் அந்த ஆறாவது வழி. ரொட்டிக் கல்லில் எட்டு ஆண்டாக நிற்பவர் 1,850 வாங்குகிறார். மேசை துடைக்க வந்த தம்பி 1,500 வாங்கியபோது இருவருக்கும் இடையே 350 இருந்தது. இப்போது 150. அவர் சம்பளத்தில் சட்டம் கைவைக்கவில்லை என்பதால் முதலாளியும் கைவைப்பதில்லை. ஓர் உணவகத்தில் இப்படிப்பட்ட ஒருவர் முதலாளியிடம் கேட்டது இது: “அண்ணே, மேசை துடைப்பதற்கும் கல்லில் வேகுவதற்கும் நூற்றைம்பதுதான் வித்தியாசம் என்றால், நானும் மேசையே துடைக்கிறேனே?” முதலாளி சிரித்துச் சமாளித்தார். ஈப்போ முப்பது கிலோமீட்டர் தூரம்தான். ரொட்டி போடத் தெரிந்தவருக்கு அங்கே வேலை காத்துக்கிடக்கிறது.

மூத்தவர்களுக்கும் இருநூறு முழுதாகக் கொடுக்கலாம், ஒன்றும் கொடுக்காமல் இருக்கலாம், நடுவில் ஒரு தொகை கொடுக்கலாம். முழுதாகக் கொடுப்பது நியாயம். பத்துப் பேர் கடைக்குத் தாங்காது. ஒன்றும் கொடுக்காமல் இருப்பது எல்லா வழிகளிலும் அதிகச் செலவு பிடிப்பது, மூன்று மாதம் தாமதித்துத் தெரியும், அவ்வளவுதான். மூத்தவருக்கு 120 கூட்டி 1,970 ஆக்கினால் இடைவெளி 270க்குத் திரும்புகிறது. மூவருக்கும் சேமநிதி, ஓவர்டைம் வித்தியாசம் எல்லாம் சேர்த்து மாதம் ஐந்நூறுக்குள் அடங்கும். என்னைக் கேட்டால், மற்ற ஐந்து வழிகளில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த ஐந்நூறை முதலில் ஒதுக்கிவிட்டுத்தான் தொடங்கவேண்டும். உள்ளூர் ஊழியர்களுக்குப் பயிற்சியோடு சம்பளத்தைப் படிப்படியாகக் கூட்டுகிற முதலாளிகளுக்கென்று முற்போக்குச் சம்பளக் கொள்கையின் கீழ் அரசாங்க ஊக்கத்தொகையும் அறிவிக்கப்பட்டது. விண்ணப்பம் திறந்திருந்தால் மூத்தவர்களுக்காகப் போட்டுப் பாருங்கள். கிடைத்தால் நல்லது, அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

அடுத்த உயர்வுக்குக் காத்திருப்பதா, முன்கூட்டியே ஏற்றுவதா என்பதும் ஒரு தேர்வுதான். 2013இல் தீபகற்பத்தில் 900 வெள்ளியாகத் தொடங்கியது 2016இல் 1,000, 2019இல் 1,100, 2020இல் மாநகர, நகராண்மைக் கழகப் பகுதிகளில் 1,200, 2022இல் 1,500, 2025இல் 1,700 என்று வந்திருக்கிறது. 2019இலிருந்து பார்த்தால் ஆண்டுக்குச் சராசரி நூறு வெள்ளி. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது சம்பளத்தை மறுஆய்வு செய்யவேண்டும் என்று சட்டமே சொல்வதால், அடுத்த உயர்வு எப்போது என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு ஜனவரியிலும் எண்பது, நூறு என்று நீங்களாகவே ஏற்றினால் இரண்டு ஆண்டில் சில ஆயிரம் வெள்ளி முன்னதாகச் செலவாகும். பதிலுக்கு, சாப்பாட்டு விலையை ஒரேயடியாக அறுபது சென் ஏற்றாமல் முப்பது முப்பதாக ஏற்றலாம்; நல்ல ஆளை அடுத்த கடைக்காரருக்கு முன்பே பிடித்துக்கொள்ளலாம். ஓட்டம் நன்றாக உள்ள கடைக்கு இது ஏற்றது. மாதக் கடைசியில் சாமான் பாக்கி வைக்கிற கடை அறிவிப்பு வரும்வரை காத்திருப்பதில் தவறில்லை, அந்த மூத்தவர்கள் விஷயம் நீங்கலாக.

மூன்று பேர் வைத்திருக்கும் மளிகைக் கடைக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. சாமான் விலையை ஏற்றினால் வாடிக்கையாளர் பேரங்காடிக்குப் போய்விடுவார். ஆளும் குறைக்க முடியாது. அங்கே கைவைக்கக்கூடியது திறந்திருக்கும் நேரம் ஒன்றுதான். இரவு எட்டரைக்கு மேல் எவ்வளவு வியாபாரம் நடக்கிறது என்று இரண்டு வாரம் ரசீதைப் பிரித்துப் பாருங்கள். பலருக்கு அது விளக்குக் கட்டணத்துக்கே போதாது. அந்த ஒரு மணி நேரத்தை மூடினால் மூவரின் ஓவர்டைமும் நிற்கும்.

விலை ஏற்றுவதென்று முடிவெடுத்தால் தேதியைப் பார்த்து ஏற்றுங்கள். சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கொடுக்கப்படவேண்டும் என்பதால், எட்டாம் தேதிதான் இந்த ஊரில் எல்லோர் கையிலும் காசு இருக்கும் நாள். கடைக்கடன் எழுதும் 555 நோட்டில் பாக்கி ஏறத் தொடங்குவது இருபதுக்குப் பிறகு. புதிய விலைப்பட்டியலை இரண்டாம் வாரத்தில் ஒட்டுங்கள், தீபாவளி மாதத்தில் வேண்டாம்.